உள்ளூர் ஃபுட்டியில் டாக்கிள் செய்யும் மிட்ஃபீல்டர்: புதிதாக ஆட வருபவருக்கு

மெல்பர்ன், அடிலெய்ட், பெர்த் பக்கம் குடியேறியவர்கள் முதல் குளிர்காலத்திலேயே ஃபுட்டியை, அதாவது ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தை, பார்த்துவிடுகிறார்கள். பார்த்துப் பிடித்துப்போய், நாமும் ஆடிப் பார்ப்போமே என்று உள்ளூர்க் கிளப்பில் சேர்பவர்களும் உண்டு. பெரியவர்களான பிறகு அப்படிச் சேர்பவர்களில் பலருக்கு ஒரே சங்கடம்தான்: பந்தை ஒழுங்காக உதைக்க வராது. நடக்கத் தெரிந்த வயதிலிருந்து அந்த முட்டை வடிவப் பந்தை உதைத்து வளர்ந்தவர்களோடு உதையில் போட்டி போடச் சில வருடங்களாவது ஆகும். டாக்கிள், அதாவது பந்தை வைத்திருப்பவரைப் பிடித்து மடக்குவது, அப்படியில்லை. ஓடத் தெம்பும் முட்டி மோதத் தயங்காத மனசும் இருந்தால், ஒரே பருவத்தில் அணிக்குத் தேவைப்படுகிற ஆளாகிவிடலாம். எதிரணி பந்தை எடுக்கும்போதெல்லாம் அங்கே போய் மடக்கும் நடுக்கள ஆட்டக்காரரின் வேலையை எப்படிப் பழகுவது என்று இங்கே சொல்கிறேன்.

ஆட்டம் தெரிந்தவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிப் போகலாம்.

களத்தில் அணிக்கு 18 பேர். மைதானமும் முட்டை வடிவம்தான். நீளம் 135 முதல் 185 மீட்டர், அகலம் 110 முதல் 155 மீட்டர் வரை இருக்கலாம். ஒவ்வொரு முனையிலும் நான்கு கம்பங்கள். நடுக் கம்பங்கள் இரண்டுக்கும் இடையே உதைத்தால் 6 புள்ளி, ஓரத்து இடைவெளியில் போனால் 1 புள்ளி. பந்தை உதைக்கலாம், அல்லது ஒரு கையில் வைத்து மறு கை முஷ்டியால் குத்தி அனுப்பலாம், அது ஹேண்ட்பால். எறியக் கூடாது. 15 மீட்டருக்குக் குறையாமல் உதைபட்டு வரும் பந்தை அந்தரத்திலேயே பிடித்தால் மார்க். பிடித்தவர் யாருடைய இடைஞ்சலும் இல்லாமல் நிதானமாக உதைக்கலாம். பந்தோடு ஓடுபவர் 15 மீட்டருக்கு ஒரு முறையாவது அதைத் தரையில் தட்ட வேண்டும். ஆட்டம் நான்கு பகுதி. ஏஎஃப்எல் என்ற தேசியத் தொழில்முறைப் போட்டியில் ஒவ்வொன்றும் 20 நிமிடக் கணக்கு. பந்து நின்ற நேரத்தையும் சேர்த்தால் அரை மணியைத் தொடும்.

இதில் ஆஃப்சைடு கிடையாது என்பதை மட்டும் தனியாக மனசில் வைத்துக்கொள்ளுங்கள். ரக்பியில் எதிராளி உங்களுக்கு முன்னால்தான் வருவார். இங்கே எந்தப் பக்கத்திலிருந்தும் வருவார், எந்தப் பக்கத்துக்கும் பந்தைத் தள்ளிவிடுவார். அதனால் பலத்தைவிட நீங்கள் போய்ச் சேரும் கோணம்தான் பெரும்பாலான டாக்கிள்களைத் தீர்மானிக்கிறது. நல்ல டாக்கிளில் பாதிக்கு மேல் கை படுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. புதிதாக வருபவர்கள் எல்லோரும் கடைசிப் பாதியை மட்டும் பழக ஆசைப்படுகிறார்கள்.

படி 1: விதியை முதலில் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள்

பந்தை வைத்திருப்பவரை மட்டும்தான் பிடிக்கலாம். தோளுக்குக் கீழே, முழங்காலுக்கு மேலே. பந்து இல்லாதவரைப் பிடித்தால் ‘ஹோல்டிங் த மேன்’ என்று எதிரணிக்கு ஃப்ரீ கிக். கழுத்திலோ தலையிலோ கை பட்டாலும் ஃப்ரீ கிக். பின்னாலிருந்து பிடிக்கலாம், ஆனால் முதுகில் தள்ளியோ முதுகின்மேல் விழுந்தோ அவரை முன்பக்கம் சாய்த்தால் அதுவும் உங்கள் தவறுதான்.

ஊரில் கபடி ஆடியவர்களுக்கு இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. கபடியில் ரெய்டு வந்தவரின் கணுக்காலைப் பாய்ந்து பிடிப்பது நல்ல பிடி. அந்தப் பழக்கம் ஃபுட்டிக்கு ஆகவே ஆகாது. காலைத் தட்டிவிடுவது இங்கே பெரிய குற்றம். 2012-இல் சிட்னி ஸ்வான்ஸின் கேரி ரோஹன், எதிராளி தரையோடு சறுக்கி வந்து மோதியதில் கால் முறிந்தார். அடுத்த வருடமே, முழங்காலுக்குக் கீழே வேகமாக மோதினால் ஃப்ரீ கிக் என்ற விதி வந்துவிட்டது. பந்து தரையில் கிடந்தாலும் காலில் நின்றபடி குனிந்துதான் எடுக்க வேண்டும். கபடியிலிருந்து கொண்டுவர வேண்டியது இடுப்புப் பிடியும், எதிராளியின் இடுப்பையே பார்க்கும் கண்ணும்.

அடுத்தது ‘ஹோல்டிங் த பால்’. மைதானமே ஒரே குரலில் “பால்!” என்று கத்துவது இதற்காகத்தான். கத்துபவர்களில் பாதிப் பேருக்கு விதி தெரியாது, அது வேறு கதை. நீங்கள் ஒருவரைச் சரியாகப் பிடித்துவிட்டதும் அம்பயர் முதலில் பார்ப்பது, பிடிபடுவதற்கு முன் பந்தை அனுப்ப அவருக்கு அவகாசம் இருந்ததா என்பதை. இதை ‘ப்ரையர் ஆப்பர்ச்சூனிட்டி’ என்பார்கள். இருந்தது என்றால், அவர் உடனே சரியாக உதைக்கவோ ஹேண்ட்பால் செய்யவோ வேண்டும். தவறினால் ஃப்ரீ கிக் உங்களுக்கு. பந்தை எடுத்த கணத்திலேயே பிடிபட்டார் என்றால், வெளியே அனுப்ப உண்மையாக முயன்றால் போதும். முடியவில்லை என்றால் அம்பயர் விசிலடித்துப் பந்தை மறுபடி மேலே போடுவார், அது பால்-அப். உங்கள் பிடியின் வேகத்தில் பந்து நழுவி விழுந்தால் ஆட்டம் அப்படியே தொடரும்.

இந்த விதிக்குள்தான் டாக்கிள் செய்பவருக்கான சூட்சுமம் இருக்கிறது. உங்களை ஏய்த்து ஓடப் பார்ப்பதும், கையால் உங்களைத் தள்ளிவிடப் பார்ப்பதும் அவகாசம் கிடைத்ததாகவே கணக்கு. அதனால் குனிந்து பந்தைப் பொறுக்குபவர்மேல் போய் விழுந்தால் பெரும்பாலும் ஒரு பால்-அப்தான் கிடைக்கும். அவர் நிமிர்ந்து, உங்களைச் சுற்றிப் போக ஒரு அடி எடுத்து வைத்த பிறகு பிடித்தால் ஃப்ரீ கிக்கே கிடைக்கும். எது வேண்டும் என்பது ஆட்டத்தின் நிலையைப் பொறுத்தது. மூச்சு வாங்கும் அணிக்குப் பால்-அப் போதும்.

பிடிபட்டவர் பந்தை அனுப்ப எவ்வளவு நேரம் தரலாம் என்பதில் ஏஎஃப்எல் 2024 பருவத்தின் நடுவிலேயே அம்பயர்களை இறுக்கிப் பிடிக்கச் சொன்னது. ஒருவரைச் சுற்றிச் சுழற்றும் வரை விசிலடிக்காமல் இருந்தால் அடிபடும் என்பது ஒரு காரணம். உள்ளூர் அம்பயர்கள் ஆளுக்கு ஒரு மாதிரி இருப்பார்கள். முதல் பத்து நிமிடத்தில் அன்றைய அம்பயர் எவ்வளவு பொறுக்கிறார் என்று கவனித்துக்கொள்ளுங்கள்.

படி 2: நிற்கும் இடம்

ஆட்டம் தொடங்கும்போதும் ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் பந்து நடுச் சதுரத்திலிருந்து புறப்படும். 50 மீட்டர் சதுரம் அது. அதற்குள் அணிக்கு நான்கு பேர்தான் நிற்கலாம். அவர்களில் ஒருவர் ரக். மேலே எழும் பந்தைத் தட்டிவிடும் நெட்டையான ஆள். மற்ற மூவர் மிட்ஃபீல்டர்கள். பொதுவாக ஒருவர் தட்டிவரும் பந்துக்குப் பாய்வார், ஒருவர் வெளியே ஓடி வாங்கத் தயாராக இருப்பார், மூன்றாமவர் எதிராளிக்கும் நம் அணி காக்கும் கோலுக்கும் நடுவில் நிற்பார். டாக்கிள் செய்பவருக்கு வழக்கமாகக் கிடைப்பது இந்த மூன்றாவது இடம்.

அங்கே நின்றுகொண்டு ரக்கையே அண்ணாந்து பார்க்கக் கூடாது. புதியவர்கள் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். பந்து எங்கே விழும் என்று முன்கூட்டியே பேசிவைத்திருப்பார்கள். ரக்கைச் சுற்றியுள்ள இடங்களைக் கடிகார முள்ளின் மணிக்கணக்கில் சொல்வது வழக்கம். உங்கள் ரக்கிடம் கேட்டு வாங்குங்கள். எதிரணி ரக் எந்தக் கையால் தட்டுகிறார், எந்தப் பக்கம் திரும்புகிறார் என்பதை முதல் சில மோதல்களில் குறித்துக்கொண்டால், மூன்றாவது நான்காவது முறை பந்து விழும் இடத்துக்கு நீங்கள் அரை அடி முன்னதாகப் போய்விடுவீர்கள்.

உங்களுக்கு ஒதுக்கப்பட்ட எதிராளியோடு இடுப்போடு இடுப்பு ஒட்டி நில்லுங்கள். அவர் நகர்வதை உடம்பே உணரும். ஜெர்சியைப் பிடித்து இழுக்காதீர்கள்; பந்து அவரிடம் வரும் முன் பிடித்தால் ஃப்ரீ கிக்.

படி 3: நெருங்கிப் போவது

நான் கண்ட வரையில் டாக்கிள் தவறுவதற்கு முதல் காரணம் முழு வேகத்தோடு போய்ச் சேருவது. தூரத்தை வேகமாகக் குறையுங்கள், சரி. கடைசி மூன்று நான்கு அடிகளில் வேகத்தைக் குறைத்துக் காலடிகளைச் சின்னதாக்குங்கள். முழங்கால் மடங்கி, இடுப்பு தாழ்ந்து, எடை பாதத்தின் முன்பக்கம் இருக்க வேண்டும். அப்போதுதான் அவர் திரும்பும் பக்கம் நீங்களும் திரும்ப முடியும். கண் பந்தில் வேண்டாம், முகத்தில் வேண்டவே வேண்டாம். பந்தை ஒரு பக்கம் காட்டி மறு பக்கம் போவார்கள், தோளையும் ஆட்டுவார்கள். இடுப்பு மட்டும் பொய் சொல்லாது.

நேர் எதிரே போகாமல் சற்றே ஒரு பக்கமாகப் போங்கள். எந்தப் பக்கம்? அவர் வலது காலில் உதைப்பவர் என்றால் வலது பக்கத்தை அடைத்துக்கொண்டு வாருங்கள். இடது காலில் உதைக்கவோ, அவசரமாக ஹேண்ட்பால் செய்யவோ வேண்டிவரும். எல்லைக் கோட்டுக்கு அருகில் என்றால் கணக்கு இன்னும் சுலபம்: களத்தின் உள்பக்கத்தை அடைத்து அவரை வெளியே தள்ளிக்கொண்டு போங்கள். நீங்கள் தொடாமலேயே அவர் மோசமாக உதைத்தால் அதுவும் உங்கள் வேலை நடந்ததாகத்தான் அர்த்தம். கோச்சுகள் இதைத் தனியாகக் கணக்கெடுப்பார்கள், பார்வையாளர்கள் கவனிப்பதேயில்லை.

படி 4: பிடி

எட்டும் தூரம் வந்ததும் தலையை எங்கே வைப்பது என்பதுதான் முதல் கேள்வி. எதிராளியின் உடம்புக்கு முன்னால், அவர் போகும் வழியில் தலையை வைக்காதீர்கள். அது அவருடைய இடுப்புக்கோ முழங்காலுக்கோ இரையாகும். பக்கவாட்டிலிருந்து பிடிக்கும்போது உங்கள் தலை அவர் முதுகுப் பக்கம், கன்னம் அவர் விலாவோடு ஒட்டியபடி இருக்கட்டும். தோள் முதலில் பட வேண்டும். கண் திறந்திருக்க வேண்டும். சிரிக்காதீர்கள், பலர் கண்ணை மூடிக்கொண்டுதான் பாய்கிறார்கள்.

தோள் பட்ட அதே கணத்தில் இரண்டு கைகளும் சுற்றிக்கொள்ள வேண்டும். ஒரு கை அவருடைய பந்துக் கையை அவர் உடம்போடு சேர்த்து அமுக்கட்டும். டாக்கிளின் உயிர் இங்கேதான் இருக்கிறது. இடுப்பை மட்டும் பிடித்தால் இரண்டு கையும் சும்மா இருக்கும், ஓடி வரும் தோழருக்கு அழகாக ஹேண்ட்பால் போய்விடும். நீங்கள் அவரைத் தரையில் சாய்த்திருப்பீர்கள், பந்து 20 மீட்டர் தள்ளிப் போயிருக்கும். ஒரு கை சிக்கிவிட்டால் முஷ்டியால் குத்துவதற்கு இன்னொரு கை இல்லை, ஹேண்ட்பால் செத்தது. அப்புறம் மிச்சம் இருப்பது உதை. அவரை உங்கள் பக்கம் இழுத்துச் சமநிலையைக் கெடுத்துவிட்டால் அதுவும் ஒழுங்காகப் போகாது.

கை வைக்கும் உயரத்தில் கவனம் வேண்டும். மார்புக்கு நேராகக் கை வைத்தால், அவர் லேசாக முழங்காலை மடக்கினாலோ கையை மேலே தூக்கினாலோ உங்கள் பிடி கழுத்துக்கு வழுக்கிவிடும். ஜீலாங் அணித் தலைவராக இருந்த ஜோயல் செல்வுட் இதில் பெரிய கைகாரர். எத்தனை ஃப்ரீ கிக் வாங்கினார் என்று எதிரணி ரசிகர்கள் இன்னும் புலம்புவார்கள். வேண்டுமென்றே தலையைக் குனிந்தோ முழங்காலை மடக்கியோ கழுத்தில் கை வாங்கிக்கொள்பவருக்கு ஃப்ரீ கிக் கிடையாது என்று 2022-இல் ஏஎஃப்எல் தெளிவுபடுத்தியது. இருந்தாலும் அதை நம்பி உயரத்தில் பிடிக்காதீர்கள். விலாவின் கீழ்ப்பகுதியில் தொடங்கினால் இந்தத் தலைவலியே இல்லை.

படி 5: தரைக்குக் கொண்டுபோவது

இந்தப் படியில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் பதினைந்து இருபது வருடத்துக்கு முன்பு சொல்லிக் கொடுத்த முறைக்கும் இப்போது அனுமதிக்கும் முறைக்கும் பெரிய இடைவெளி விழுந்துவிட்டது. பழைய ஆட்டக்காரர்கள் பயிற்சியில் உங்களுக்குத் தப்பாகவே சொல்லிக் கொடுக்க வாய்ப்பு இருக்கிறது.

இரண்டு கைகளையும் சேர்த்து அமுக்கினால் பந்து எங்கும் போகாது. ஆனால் விழும்போது தலையைக் காத்துக்கொள்ள அவருக்குக் கை இருக்காது. அப்படிப் பிடித்துச் சுழற்றித் தரையில் எறிந்தால் தலைதான் முதலில் மோதும். இன்று ட்ரிப்யூனல் என்ற ஒழுங்கு விசாரணைக் குழுவில் இவற்றைத்தான் பார்க்கிறார்கள்: கைகள் கட்டுண்டிருந்தனவா, ஆளைத் தூக்கினீர்களா, சுழற்றினீர்களா, தலை தரையில் மோதியதா. பந்து அவரிடம் இருந்தது, கை கழுத்தில் படவில்லை என்ற பதில்கள் உதவாது.

2017-இல் ஜீலாங்கின் பேட்ரிக் டேஞ்சர்ஃபீல்டுக்கு நடந்ததை இங்கே நினைவில் வைப்பது நல்லது. கார்ல்டனின் மேத்யூ க்ரூஸரை அவர் கைகளைச் சேர்த்துப் பிடித்துச் சாய்த்தார். க்ரூஸருக்குத் தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி. அடிக்கும் நோக்கம் இருந்ததாக யாரும் சொல்லவில்லை. ஒரு ஆட்டத் தடை வந்தது. அம்பயர்கள் ஓட்டுப் போட்டுத் தரும், ஏஎஃப்எல்லின் உயர்ந்த தனிநபர் விருதான பிரவுன்லோ பதக்கத்துக்கு, தடை வாங்கியவருக்கு அந்த வருடம் தகுதி கிடையாது. முந்தைய வருடம் பதக்கம் வாங்கியவர் அவர்தான். அந்த வருடமும் 33 ஓட்டு வாங்கினார், ஆனால் போட்டியில் இல்லை. ரிச்மண்டின் டஸ்டின் மார்ட்டின் 36 ஓட்டுடன் வென்றார். தடை கொஞ்சம் கடுமை என்று அன்று பேசியவர்கள் இருந்தார்கள். இன்று அதே டாக்கிளுக்கு இன்னும் கூடுதலாகத்தான் கிடைக்கும், என் கணிப்பில் அதுதான் சரியும்கூட.

சரி, செய்ய வேண்டியது என்ன? ஒரு கையை மட்டும் அமுக்குங்கள், மறு கையை விட்டுவிடுங்கள். பந்து நிற்க அதுவே போதும். இரண்டு கையும் தற்செயலாக உள்ளே சிக்கிவிட்டால் அவரை விழவைக்காமல் நிறுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள், விசில் வரும். விழத்தான் போகிறார் என்றால் நீங்களும் கூடவே சரிந்து, உங்கள் உடம்பைப் பக்கவாட்டில் கீழே கொடுத்து, முழங்கால், இடுப்பு, தோள் என்ற வரிசையில் இருவரும் உருளும்படி இறங்குங்கள். அவர் உங்கள்மேல் விழட்டும். இதில் உங்களுக்கும் ஒரு லாபம்: அவர் முதுகின்மேல் நீங்கள் விழவில்லை, அதனால் அந்த ஃப்ரீ கிக்கும் எதிரணிக்குப் போகாது. சுழற்றுவது ஒரு முறைக்கு மேல் வேண்டாம், எறிதல் கூடவே கூடாது. தூக்கவும் கூடாது.

படி 6: விடுவதும் எழுவதும்

பந்து அவர் கையை விட்டுப் போனதும் விட்டுவிடுங்கள். ஒரு நொடி கூடுதலாகப் பிடித்தால் ஃப்ரீ கிக். பந்து இன்னும் உள்ளே இருந்தால் விசில் வரும் வரை விடாதீர்கள். அம்பயரைப் பார்த்துக் கையை விரித்து முறையிடுவதற்காகப் பிடியைத் தளர்த்துவது முட்டாள்தனம். முடிவு உங்களுக்கு எதிராக வந்தால் பந்தை நேராக எதிராளியின் கையில் கொடுங்கள். தூக்கிப் போட்டாலோ, அம்பயரிடம் வாதம் செய்தாலோ, ஏஎஃப்எல் அளவில் 50 மீட்டர் தண்டனை, அதாவது எதிரணி அவ்வளவு தூரம் முன்னே போய் உதைக்கும்.

அப்புறம் உடனே எழுந்திருங்கள். பிடித்த திருப்தியில் தரையில் கிடப்பவர் பக்கத்திலேயே எதிரணி ஆள் பந்தைப் பொறுக்கிக்கொண்டு போவது வாராவாரம் நடக்கிறது.

எப்போது பிடிக்கப் போகக் கூடாது

எதிரணி இரண்டு பேர், நீங்கள் ஒருவர். பந்து வைத்திருப்பவர்மேல் பாய்ந்தால் அவர் தோழருக்குத் தட்டிவிடுவார், நீங்கள் தரையில் இருப்பீர்கள். இங்கே பாயாமல் இருவருக்கும் நடுவில் நின்று, பின்வாங்கிக்கொண்டே, அவரைத் தயங்க வைக்க வேண்டும். உங்கள் ஆட்கள் வந்து சேர இரண்டு நொடி கிடைத்தால் போதும். நல்ல டாக்கிள்காரரை மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்டுவது இந்தப் பொறுமைதான் என்று நான் நினைக்கிறேன்.

அதேபோல் உங்கள் தோழர் ஏற்கெனவே ஒருவரைப் பிடித்திருந்தால் இரண்டாவது ஆளாக மேலே போய் விழாதீர்கள். ஹேண்ட்பால் போகக்கூடிய வழியை அடையுங்கள். அடிபடும் வாய்ப்பும் குறையும்.

உதைக்கப் போகிறவரை எட்ட முடியாது என்று தெரிந்தால் உடம்பைத் துரத்துவதை விட்டுவிட்டு, உதைபடும் பந்தின்மேல் இரு கைகளையும் நீட்டித் தடுங்கள். இதுதான் ஸ்மதர். கை வலிக்கும். தோழர்கள் தோளில் தட்டிக் கொடுப்பார்கள்.

பந்து உங்கள் கைக்கே வந்தால்

வரும், அடிக்கடி வரும். நெரிசலின் நடுவில் நிற்பவருக்கு இது பாதி வேலை. குனியும்போது எதிராளி வரும் திசைக்கு உங்கள் தோளும் பின்பக்கமும் இருக்கட்டும், தலை இருக்கக் கூடாது. எடுத்த உடனே வெளியே நிற்கும் வேகமான மிட்ஃபீல்டருக்கு ஹேண்ட்பால். இரண்டு மீட்டர் ஹேண்ட்பாலில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. நெரிசலிலிருந்து இப்படிப் பந்தை வெளியேற்றுவதைக் கிளியரன்ஸ் என்று கணக்கிடுகிறார்கள். ஆட்டத்தின் போக்கை அதுதான் திருப்பும். வெளியே யாரும் இல்லை, பிடிபட்டுவிட்டீர்கள் என்றால் பந்தை வெளியேற்ற முயல்வது அம்பயருக்குத் தெரியும்படி முயலுங்கள். அணைத்துக்கொண்டு படுத்துவிடாதீர்கள்.

உதை வராதவர்களுக்கு இந்த ஹேண்ட்பால் பெரிய வரம். இரண்டு கையாலும் பழகுங்கள். வீட்டுச் சுவர் போதும்.

யாரைப் பார்த்துக் கற்பது

டோனி லிபரட்டோரேயின் உயரம் 163 சென்டிமீட்டர். நம் ஊர்ப் பேருந்தில் பக்கத்தில் நின்றாலும் உயரம் என்று சொல்ல மாட்டோம். ஃபுட்ஸ்க்ரே அணிக்கு ஆடிய அவர் 1990-இல் பிரவுன்லோ பதக்கம் வாங்கினார். அதை வாங்கியவர்களில் அவரைவிடக் குள்ளமானவர் இல்லை. பிடித்தால் விடாத ஆள் என்று எதிரணிகள் அவரை வெறுத்தன. மகன் டாம் லிபரட்டோரே அதே கிளப்பின் நெரிசல் மிட்ஃபீல்டர். வெஸ்டர்ன் புல்டாக்ஸ் என்று பெயர் மாறிய அந்த அணி 62 வருடத்துக்குப் பிறகு 2016-இல் கோப்பை வென்றபோது களத்தில் இருந்தார். நெரிசலுக்குள் கை எப்படி வேலை செய்ய வேண்டும் என்பதற்கு டாமின் ஆட்டத்தைப் பாருங்கள்.

சிட்னி ஸ்வான்ஸின் பிரெட் கிர்க், வெஸ்ட் கோஸ்டின் மேட் ப்ரிடிஸ் இருவருமே ரூக்கி பட்டியல் (முதன்மைப் பட்டியலில் இடம் கிடைக்காத புதியவர்களுக்கானது) என்ற பின்வாசல் வழியாக வந்தவர்கள். கிர்க் 2005-இல் சிட்னி 72 வருட வறட்சியை முடித்த அணியில் ஆடினார். களத்தில் அத்தனை மோதலும் செய்துவிட்டு வெளியே புத்தத் தியானம் பழகுகிறவர் என்பது எனக்கு எப்போதும் பிடித்த விஷயம். ப்ரிடிஸ் 2014-இல் பிரவுன்லோ வாங்கினார். வேகத்திலோ உதையின் அழகிலோ யாரும் அவரைச் சேர்த்துப் பேசியதில்லை. பந்து இருக்கும் இடத்தில் அவரும் இருப்பார், அவ்வளவுதான். உதை சுமாராக இருந்தும் இந்த ஆட்டத்தில் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு அவரைவிட நல்ல உதாரணம் கிடையாது.

பெண்கள் ஆட்டத்தில் அடிலெய்டின் எபனி மரினாஃப். மகளிர் போட்டி தொடங்கிய 2017-இல் ஆண்டின் சிறந்த இளம் ஆட்டக்காரர் விருது, 2024-இல் போட்டியின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது. அந்தப் போட்டியில் களத்தில் அணிக்கு 16 பேர்தான் என்பதால் இடம் கொஞ்சம் தெளிவாகத் தெரியும். புதியவர்கள் ஒரு மிட்ஃபீல்டரைத் தொடர்ந்து பார்க்க அது வசதி. பந்தைப் பார்க்காமல் ஒரு கால் பகுதி முழுக்க அவரை மட்டும் பாருங்கள். பிடிப்பதைவிட ஓடிப் போய்ச் சேருவதில்தான் அதிகம் செலவழிக்கிறார் என்று புரியும்.

டாக்கிள் எண்ணிக்கையை மட்டும் வைத்து யாரையும் அளக்காதீர்கள். ஓர் அணி நாள் முழுக்க டாக்கிள் செய்கிறது என்றால் நாள் முழுக்கப் பந்து எதிரணியிடம் இருக்கிறது என்றும் பொருள்.

பயிற்சி, உடம்பு

மிட்ஃபீல்டர் ஓர் ஆட்டத்தில் 12 கிலோமீட்டருக்கு மேல் ஓடுவது சாதாரணம். உள்ளூரில் அது குறையும், ஆனால் மூச்சு வாங்கும் விதம் அதேதான்: பாய்ச்சல், மோதல், எழுந்து மறுபடி பாய்ச்சல். ஒரே வேகத்தில் நீண்ட தூரம் ஓடிப் பழகுவது மட்டும் போதாது. 20 மீட்டர் ஓடி, தரையில் படுத்து எழுந்து, திரும்பி ஓடுவதைப் பல முறை செய்யுங்கள்; வெறுப்பாக இருக்கும், பலன் இருக்கும். கழுத்து, தோள், இடுப்புக்கு எடைப் பயிற்சி.

டாக்கிளை முதலில் முழங்காலில் நின்றபடி பழகுங்கள், பிறகு நடந்து, பிறகு மெதுவாக ஓடி. ஒரு சின்னச் சதுரத்துக்குள் ஒருவர் தப்பிக்க, ஒருவர் மடக்கும் பயிற்சியைக் கை படாமல், வெறும் காலடிக்காக மட்டும் செய்யச் சொல்லிக் கோச்சிடம் கேளுங்கள். மவுத்கார்டு இல்லாமல் பயிற்சிக்குக்கூடப் போகாதீர்கள். பல் மருத்துவரிடம் அளவெடுத்துச் செய்தது நல்லது. மோதிரம், கம்மல், சங்கிலி எல்லாம் வீட்டில்.

தலையில் அடிபட்டு மயக்கமோ குழப்பமோ வாந்தியோ தலைவலியோ வந்தால் அன்றைய ஆட்டம் முடிந்தது. “பரவாயில்லை, ஆடுகிறேன்” என்ற பேச்சே இல்லை. ஏஎஃப்எல் ஆட்டக்காரர்களுக்கே குறைந்தது 12 நாள் ஓய்வு. உள்ளூர் ஆட்டத்தில் 2024 முதல், மூளை அதிர்ச்சிக்குப் பின் ஆட்டத்துக்குத் திரும்பக் குறைந்தது 21 நாள். மருத்துவர் ஒப்புதலும் வேண்டும். அலுவலகத்தில் லீவு கேட்க வேண்டியதும் வரலாம், அதையும் யோசித்து வையுங்கள்.

மோதல் இல்லாமல் தொடங்க நினைப்பவர்களுக்கு ஏஎஃப்எல் நைன்ஸ் என்ற டாக்கிள் இல்லாத வடிவம் இருக்கிறது. 35 வயது தாண்டியவர்களுக்கு மாஸ்டர்ஸ் அணிகள் இருக்கின்றன. வழக்கமான கிளப் என்றால், பருவம் ஏப்ரல் வாக்கில் தொடங்கும்; பயிற்சி அதற்குப் பல வாரங்கள் முன்பே, கோடையிலேயே ஆரம்பித்துவிடும். அப்போதே போய்ச் சேர்வது நல்லது. பதிவு ப்ளேஹெச்க்யூ தளத்தில். முதல் நாளே கோச்சிடம், உதை சுமார்தான், டாக்கிள் பழக வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். நெரிசலுக்குள் தானாக முன்வந்து போகிறவரை எந்தக் கோச்சும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார். முதலில் ரிசர்வ்ஸ் என்ற இரண்டாம் அணியில் போடுவார்கள். அந்த ஆட்டம் பெரும்பாலும் சீனியர் ஆட்டத்துக்கு முன்னால் அதே மைதானத்தில் நடக்கும். முடிந்ததும் குளித்துவிட்டுக் கிளம்பிவிடாமல் வேலியோரம் நின்று, சீனியர் அணியில் உங்கள் இடத்தில் நிற்பவர் எங்கே நிற்கிறார் என்று பாருங்கள். இடைவேளையில் களத்துக்குள் போய்க் கோச் பேசுவதைப் பார்வையாளர்களும் நின்று கேட்கலாம். உள்ளூர் ஃபுட்டியில் அதற்கு யாரும் தடை சொல்வதில்லை.